முத்துமாரியின் புள்ளி

பத்துக் கேள்வியில் எட்டுத் தப்பு. ஆனால் அந்த எட்டில் ஓர் அடித்தல் இல்லை, ஓர் அழித்தல் இல்லை.

கணக்கு வராத பிள்ளைகளின் தாள்களை அதற்குள் நான் நிறையப் பார்த்திருந்தேன். ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து, சில இடங்களில் ஓட்டையே விழுந்திருக்கும். பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்து எழுதிய விடை கோணலாக ஏறியிருக்கும். முத்துமாரியின் தாள் அப்படி இல்லை. நேர்வரிசையில் எழுத்து. ஒவ்வொரு விடைக்கும் கீழே, முடிந்தது என்பதுபோல, சின்னதாக ஒரு கோடு.

மூன்றாவது கேள்வியில் விரலை வைத்தேன். 0.6 × 10. அவள் 5 என்று எழுதியிருந்தாள்.

“இது எப்பிடிம்மா அஞ்சு?”

“அஞ்சுதான் டீச்சர்.”

“அதான், எப்பிடி?”

முத்துமாரி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தாளைப் பார்த்தாள். “அப்பிடித்தான் டீச்சர் வரும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய தங்கை பொன்னி, மூன்றாம் வகுப்புக்காரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “எங்கக்காவுக்கு ஆறு வராது டீச்சர். அஞ்சு வரைக்குந்தான் தெரியும்.”

“நீ வீட்டுக்கு வாட்டி, இருக்கு ஒனக்கு” என்று முத்துமாரி உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

நான் எட்டாவது சிவப்புக் குறியைப் போட்டேன்.

மூன்று வகைத் தப்பு

நான் ஆசிரியை இல்லை. அச்சுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, சிவகாசியில் பட்டாசுப் பெட்டி அச்சடிக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தினமும் விருதுநகரிலிருந்து பஸ். தீபாவளி சீசனும் காலண்டர் சீசனும் முடிந்து பொங்கலும் கழிந்துவிட்டால் மிஷின்கள் கொஞ்சம் மூச்சு வாங்கும். சனிக்கிழமை மதியம் எனக்கு விடுமுறை கிடைக்கும்.

அப்படி ஒரு பொங்கலுக்குப் பிறகு, நாரணாபுரத்துப் பக்கத்து நடுநிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார் அய்யனார் சார், ஆண்டு விழா அழைப்பிதழ் அச்சடிக்க எங்கள் கம்பெனிக்கு வந்தார். நான் அட்டையின் கனத்தை அளந்து 0.35 என்று குறித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏழாம் வகுப்புக்குத் தசமம் நடத்திக்கிட்டு இருக்கேன். பிள்ளைகளுக்கு ஏறவே மாட்டேங்குது. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து கொஞ்சம் சொல்லித் தாங்களேம்மா” என்றார்.

போனேன். முதல் சனிக்கிழமையே பிள்ளைகளின் தப்புகளை வகை பிரித்து எழுதிக்கொண்டேன். எதையும் வகை பிரிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

முதல் வகை, சைபர் சேர்ப்பவர்கள். இரண்டரையைப் பத்தால் பெருக்கச் சொன்னால் 2.5க்குப் பின்னால் ஒரு சைபரை ஒட்டி 2.50 என்று நீட்டுவார்கள். இரண்டாவது வகை, புள்ளியைத் தள்ளுபவர்கள். தள்ள வேண்டும் என்று தெரியும், எந்தப் பக்கம் என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. மூன்றாவது வகையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதற்கு நேரே ‘புரியவில்லை’ என்று எழுதியிருந்தேன். முத்துமாரிக்குப் புரியவில்லை என்ற அர்த்தத்தில்தான் அதை எழுதினேன்.

பூச்சட்டிக்கு ஒரு பெட்டி

பத்தால் பெருக்குவதும் வகுப்பதும் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது நான் வேலையில் சேர்ந்த முதல் மாதத்துக் கதை.

பூச்சட்டி வாணத்துக்குப் பெட்டி வேண்டுமென்று ஓர் ஆர்டர் வந்தது. அளவுத்தாளில் நீளம் 12.5, அகலம் 8, உயரம் 4.5 என்று இருந்தது. எல்லாம் சென்டிமீட்டர். எங்கள் கம்ப்யூட்டர் மில்லிமீட்டரில்தான் பேசும். நான் எண்களை அப்படியே தட்டிவிட்டு, மாதிரி வெட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது வெட்டுமேசை அண்ணன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“எஞ்சினியரம்மா, ஒங்க பூச்சட்டிப் பெட்டி ரெடி.”

கட்டைவிரல் நகத்தின் மேல் வைக்கலாம் போல ஒரு பெட்டி. மூடி, மடிப்பு, ஒட்டு எல்லாம் சரியாக இருந்தது. நகத்தாலேயே மடித்து, ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டியிருந்தார். அதற்கே கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

“வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லண்ணே?”

“நான் என்னத்தக் கேக்க? நீங்க பத்துல ஒண்ணாச் சொன்னீக, மிஷினு பத்துல ஒண்ணா வெட்டிருச்சு. ஊசிவெடிய ஒடிச்சு வச்சாக் கூட இதுக்குள்ள நுழையாது பாத்துக்கோங்க.”

அன்று சாயங்காலம் வரை கம்பெனி முழுக்க அந்தப் பெட்டி கை மாறிக்கொண்டே இருந்தது. நானும் சிரித்தேன். ஆனால் இந்த ஊரில் வெடிமருந்து நிறுக்கிற அறைகளும் உண்டு. அங்கே ஓர் இடம் தள்ளி நின்ற எண்ணைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அதனால்தான் பிள்ளைகளிடம் முதல் நாளே இரண்டு வாக்கியங்களுக்குத் தடை போட்டேன். ‘பத்தால் பெருக்கினால் சைபர் சேர்’ என்பது ஒன்று. ‘புள்ளியைத் தள்ளு’ என்பது இன்னொன்று. புள்ளி எங்கேயும் போகாது, அது நட்ட கல். எண்கள்தான் அதைத் தாண்டி நடக்கும்.

கட்டத்தில் நின்றவர்கள்

நடந்து காட்டினால்தானே நம்புவார்கள்? மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஐந்து கட்டம் போட்டேன். இடமிருந்து நூறு, பத்து, ஒன்று. பிறகு புள்ளிக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குடம். அதைத் தாண்டிப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று. பிள்ளைகள் கையில் எண் அட்டையைப் பிடித்துக் கட்டத்தில் நிற்க வேண்டும். ‘பத்தால் பெருக்கு’ என்றால் எல்லாரும் இடது பக்கம் ஒரு கட்டம் தாவ வேண்டும். ‘பத்தால் வகு’ என்றால் வலது பக்கம். குடத்தைத் தொட்டால் அவுட்.

பாண்டி விளையாடுகிற பிள்ளைகளுக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன வேண்டும்? ஒரே ஒரு சிக்கல்தான். சைபராக நிற்க ஆள் கிடைக்கவில்லை.

“நான் எதுக்கு டீச்சர் சைபரு? எங்க வீட்டுல கேட்டா என்ன சொல்றது?” என்றான் கருப்பசாமி.

“ஏலே, சைபருக்குத்தான் வேலையே கம்மி. காலியா இருக்கிற கட்டத்துல போய் நின்னாப் போதும்” என்று ஒருத்தி சமாதானம் சொன்னாள்.

“அப்ப நீயே நில்லு.”

கடைசியில் கருப்பசாமியே நின்றான். அவன் இல்லாமல் மூன்று முப்பதாக முடியாது என்று தெரிந்ததும் அவனுடைய நடையே மாறிவிட்டது. “ஏ, தள்ளு தள்ளு, சைபர் வாறேன்” என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்து நின்றான்.

முத்துமாரியின் முறை வந்தது. கையில் 6. பத்தில் ஒன்று கட்டத்தில், குடத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

“பத்தால பெருக்கு!”

அவள் தாவவில்லை. குடத்தைப் பார்த்தபடி நின்றாள். விரல்கள் மட்டும் பாவாடை ஓரத்தில் எதையோ எண்ணின. பிறகு அட்டையை என்னிடம் நீட்டினாள்.

“வேற அட்ட குடுங்க டீச்சர். அஞ்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். விதி புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவளை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

ஐந்து பெயர்

நான் முதலில் சொன்ன தேர்வு, மூன்றாவது சனிக்கிழமை நடந்தது. அதை வைத்து நான் ஒரு பட்டியல் தர வேண்டும் என்று அய்யனார் சார் சொல்லியிருந்தார். அடிப்படையே பிடிபடாத பிள்ளைகளைத் திங்கட்கிழமை முதல் ஆண்டு முடியும் வரை, காலையில் முதல் இரண்டு பீரியடும், மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பதாகத் திட்டம். அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று வகுப்புகளுக்கு அவர் ஒருவரே கணக்கு வாத்தியார்.

ஐந்து பெயர் எழுதினேன். மூன்றாவது பெயர் முத்துமாரி.

பட்டியலை நான் மடிப்பதற்குள் ஜன்னலில் இருந்த பொன்னி படித்துவிட்டாள். “எங்கக்கா எங்க கிளாஸுக்கு வரப் போறா! எங்கக்கா எங்க கிளாஸுக்கு வரப் போறா!” என்று பாடிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி ஓடினாள்.

பிள்ளைகள் கலைந்த பிறகு முத்துமாரி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், வேற எங்கன வேணாலும் உக்கார வைங்க. வெளியில கூட நிக்கேன். பொன்னி கிளாஸ்ல மட்டும் வேண்டாம்.”

“கொஞ்ச நாளைக்குத்தாம்மா. தசமம் புரிஞ்சுட்டா இங்க வந்துரலாம்.”

“நான் போட்டது தப்பில்ல டீச்சர்.”

அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை. மெனக்கெட்டு வேலை செய்தவர்களின் குரல் அது. தாளை மறுபடி பார்த்தேன். அடித்தல் இல்லாத எட்டுத் தப்பு.

பட்டியலில் உள்ள பிள்ளைகளின் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மற்ற நான்கு வீட்டுக்குச் சார் சொல்லிக்கொள்ளட்டும், முத்துமாரி வீட்டுக்கு நானே போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாளைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“சரியாத்தான போட்டுருக்கா?”

மறுநாள் ஞாயிறு, சாத்தூரில் ஒரு கல்யாணம். விருதுநகருக்குத் திரும்ப நாரணாபுரம் வழியே இல்லை, பெரிய சுற்று. ஆனாலும் சிவகாசி பஸ் ஏறினேன்.

முத்துமாரியின் அம்மா பேச்சியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பொன்னியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு பேன் பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. அவருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் பகலில் வீடு.

“வாங்க டீச்சரம்மா. ஏ முத்து, பாய எடுத்துப் போடு. பட்டெல்லாம் கட்டியிருக்கீக, கல்யாணத்துக்கா?”

“சாத்தூர்லக்கா.”

“சாப்பிட்டீகளான்னு கேக்க வந்தேன். கல்யாண வீட்டுலருந்து வாரவுகள என்னத்தக் கேக்க? காப்பி குடிங்க.”

“எங்கக்கா எங்க கிளாஸுக்கு வரப் போறால்ல, அதச் சொல்லத்தான் வந்துருக்காக” என்றாள் பொன்னி, முழங்காலுக்கு நடுவிலிருந்து.

“தலைய ஆட்டாத. சீப்பு குத்தும்.”

முத்துமாரி பாயைப் போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தெரிந்தது ஒரு கொலுசுக் கால் மட்டும்தான்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தாளை எடுத்துப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். அவர் எட்டாவது வரை படித்தவர். எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளைத் தள்ளிப் பிடித்து வரி வரியாகப் பார்த்தார். உதடு முணுமுணுத்தது. சிவப்புக் குறிகள் இருந்த இடத்தில் புருவம் சுருங்கியது.

“சரியாத்தான போட்டுருக்கா?” என்றார்.

பெற்ற மனம் அப்படித்தான் சொல்லும் என்று நினைத்தேன். “இல்லக்கா. பாருங்க, புள்ளி ஆறைப் பத்தால பெருக்கினா ஆறு வரணும்.”

“அது எப்பிடி ஆறாகும்? ஆறு டஜனு, பத்து தடவ. அறுவது டஜன். அஞ்சு குரோஸ்.” விரல் கணுக்களில் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தார். “அஞ்சுதான?”

தாளை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

பேச்சியம்மாளின் வேலை, பன்னிரண்டு தீப்பெட்டிகளைச் சேர்த்துக் காகிதம் சுற்றி ஒரு டஜனாகக் கட்டுவது. பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு குரோஸ். ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ், அதற்கு மேல் எத்தனை டஜன் கட்டினோம் என்பதை வீட்டில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பார். மேஸ்திரி எழுதியதும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். முத்துமாரி அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

38.7. 41.10. 39.11. 40.4.

குரோஸுக்கும் டஜனுக்கும் நடுவில் ஒரு புள்ளி. 39.11க்கு மேல் ஒரு டஜன் கட்டினால் 40. நாலாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வாரமும் இதைக் கூட்டிப் போடுவது முத்துமாரி. புள்ளிக்கு வலது பக்கம் பன்னிரண்டு கொள்ளும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தினமும் பார்க்கிற காரியத்துக்குப் பாடம் எதற்கு?

நான் அங்கேயே பாயில் உட்கார்ந்து, தப்பு என்று போட்ட எட்டையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். 1.2 × 10க்கு 11.8 என்று எழுதியிருந்தாள். ஒரு குரோஸ் இரண்டு டஜன் என்றால் பதினான்கு டஜன். பத்து தடவை நூற்று நாற்பது. பதினொரு குரோஸ், எட்டு டஜன். சரி. 0.12 × 10க்கு 10 என்று எழுதியிருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதியது என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு டஜன்தான் ஒரு குரோஸாயிற்றே, பத்து தடவை பத்து. 7 ÷ 10க்கு, ‘0.8, மிச்சம் 4’. அந்த ‘மிச்சம்’ எங்கிருந்து வந்தது என்று சனிக்கிழமை எனக்கு எரிச்சலாக இருந்தது. எண்பத்து நான்கு டஜனைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எட்டு, நான்கு மிச்சம்தான்.

எட்டும் சரி. சிவப்புக் குறி எட்டும் என்னுடையவை.

“ஏம்மா, நான் அன்னிக்கு எப்பிடின்னு கேட்டேன்ல? டஜன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

கதவுக்குப் பின்னாலிருந்து முத்துமாரி பாதி வெளியே வந்தாள். “ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் டீச்சர். நீங்கதான புள்ளி வச்சு எழுதிப் போட்டீக?”

டஜனுக்குப் பத்து

இனி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பரீட்சைத் தாளில் வருகிற புள்ளி வேறு.

“முத்து, ஸ்கூல் கணக்குல புள்ளிக்கு அந்தப் பக்கம் பத்துதான் கொள்ளும். பத்து சேந்துட்டா இந்தப் பக்கம் ஒண்ணு.”

“டஜனுக்குப் பத்தா?” என்று கேட்டாள். அவள் முகத்தில் நிஜமான அதிர்ச்சி.

“டஜனுக்குப் பத்து வச்சுக் கட்டுனா, மேஸ்திரி அம்புட்டுக் கட்டையும் பிரிச்சு எறிஞ்சுருவாரு” என்றார் பேச்சியம்மாள்.

“அப்ப ஸ்கூல்ல ஏமாத்துறாகளா?” என்றாள் பொன்னி ஆர்வமாக.

சரியான உதாரணம் இல்லாமல் திணறினேன். அப்புறம்தான் நான் அச்சடிக்கிற பெட்டிகளே நினைவுக்கு வந்தன. “கம்பி மத்தாப்புப் பெட்டியில எத்தன இருக்கும்?”

“பத்து.”

“அந்தக் கணக்கும்மா. இந்தப் பக்கம் பெட்டி. அந்தப் பக்கம் உதிரி மத்தாப்பு.”

“ஓ, பட்டாசுக்காரங்க கணக்கு” என்றார் பேச்சியம்மாள், ஏதோ தூரத்து ஊரின் வழக்கத்தைக் கேள்விப்பட்டவர் போல. தெருவின் எதிர்வரிசையில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள்.

முத்துமாரி நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். ஆறு மத்தாப்பு, பத்து தடவை, அறுபது. ஆறு பெட்டி. அடுத்தது 2.5. இரண்டு பெட்டி ஐந்து உதிரி என்றால் இருபத்தைந்து. பத்து தடவை இருநூற்று ஐம்பது. இருபத்தைந்து பெட்டி. அடுத்தது 4.7. அதைப் போட்டு முடித்ததும் பேனா நின்றுவிட்டது. மூன்று விடையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“டீச்சர், இதுல கணக்கே போட வேண்டாமே. நம்பரு அப்பிடியே நவுந்து வந்துருது.”

“ஆமா.”

“இம்புட்டுத்தானா?”

மைதானத்தில் குடம் வைத்து மூன்று சனிக்கிழமை நான் கத்தியது இதற்காகத்தான். அவளுக்கோ சப்பென்று ஆகிவிட்டது. நூற்று நாற்பது டஜனைக் குரோஸாக்கிப் பழகிய பிள்ளைக்கு இது ஒரு கணக்கா?

எனக்குக் காப்பி வந்தது. டம்ளரில் பாதி குடித்திருப்பேன். முத்துமாரி தானாகவே இன்னும் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 0.6 × 12 = 6. 0.7 × 12 = 7. 0.11 × 12 = 11.

“எங்க கணக்குலயும் நவுருது டீச்சர். பன்னெண்டால பெருக்குனா.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எத்தன கொள்ளுமோ அத்தனையால பெருக்குனாத்தான் நவுரும் போல.”

இதை நான் கல்லூரிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். அப்போதும் எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

பொன்னி அம்மாவின் முழங்காலிலிருந்து தலையை விடுவித்துக்கொண்டு, “அப்ப நாளைக்கு வர மாட்டாளா?” என்று கேட்டாள். பேச்சியம்மாள் அவள் தலையைப் பிடித்து மறுபடியும் முழங்காலுக்கு நடுவில் இழுத்துக்கொண்டார்.

“எந்தக் கணக்குல சார்?”

திங்கட்கிழமை காலையில் கம்பெனியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அய்யனார் சார் பட்டியலைப் பார்த்தார்.

“மூணாவது பேரு அடிச்சிருக்கே?”

“அந்தப் பிள்ளைக்குத் தெரியும் சார்.”

“பத்துக்கு ரெண்டு எடுத்த பிள்ளைக்கா? பாவப்பட்டு அடிச்சீங்களாம்மா? அப்பிடிப் பண்ணக் கூடாது. அது அந்தப் பிள்ளைக்கே நல்லதில்ல.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் விளக்கத் தொடங்குவதற்குள் வகுப்பு வாசலுக்குப் போய் முத்துமாரியைக் கூப்பிட்டு, கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். ஏழாம் வகுப்பு மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“ரெண்டு புள்ளி அஞ்சு. பத்தால பெருக்கு.”

முத்துமாரி என்னைப் பார்க்கவில்லை. சாரைத்தான் பார்த்தாள்.

“எந்தக் கணக்குல சார்?”

“எந்தக் கணக்குலன்னா?”

“ஸ்கூல் கணக்குல இருவத்தஞ்சு. தீப்பெட்டிக் கணக்குல இருவத்தி நாலு குரோஸ், ரெண்டு டஜன்.”

யாரும் சிரிக்கவில்லை. சார் சாக்பீஸை எடுத்தார். பலகையின் ஓரத்தில் 29 என்று எழுதினார். 290 என்று எழுதினார். பன்னிரண்டால் வகுத்தார். 24 வந்தது, 2 மிச்சம் வந்தது. சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“எங்கம்மாவும் தீப்பெட்டிக்குத்தான் லேபிள் ஒட்டுனாக. இதே மாதிரி நோட்டு எங்க வீட்டுலயும் இருந்துச்சு. எப்பிடி எனக்குத் தோணாமப் போச்சு?” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு முத்துமாரியிடம், “போய் ஒன் எடத்துல உக்காரு” என்றார்.

அவள் ஓடவில்லை. நடந்து போய் உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

சார் பட்டியலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “மத்த நாலு பேருகிட்டயும் எப்பிடிப் போட்டீகன்னு கேட்டீங்களாம்மா?”

நான் கேட்கவில்லை. அன்று காலையே அங்கே இருந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு பேர் சைபர் சேர்ப்பவர்கள். ஒருவன், “அவன் எழுதுனத எழுதுனேன் டீச்சர்” என்றான், சங்கடமே இல்லாமல். நாலாவது பெண்ணுக்குப் பலகையில் எழுதிய புள்ளியே கண்ணுக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, மூன்றாம் வகுப்பு அல்ல. அந்தப் பட்டியலைக் கடைசி வரை யாரும் பயன்படுத்தவில்லை.

குட்டை பெஞ்சு

அந்தத் திங்கட்கிழமை நான் கிளம்பியபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. கம்பெனியில் வாங்கிய ஒரு மணி நேர அனுமதி மூன்று மணி நேரமாகியிருந்தது. சத்துணவுச் சாம்பார் வாசனை தாழ்வாரம் முழுக்க இருந்தது.

மூன்றாம் வகுப்பு அறைக்குள் ஏதோ சண்டை. எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் தட்டோடு வெளியே ஓடியிருந்தார்கள். பொன்னி மட்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தன்னுடைய பையை வைத்து, அதன் மேல் கையையும் வைத்திருந்தாள். எதிரே ஒரு சிறுமி முறைத்துக்கொண்டு நின்றாள்.

“காலையிலருந்து எனக்கு எடம் விட மாட்டேங்குறா டீச்சர். எங்கக்கா வருவா எங்கக்கா வருவான்னு. அது என் எடம்.”

அந்த இடம் மட்டும் பெஞ்சில் தனியாகத் தெரிந்தது. அங்கே தூசி இல்லை. பாவாடையால் துடைத்திருக்க வேண்டும், பொன்னியின் பாவாடை ஓரம் கறுத்திருந்தது.

எனக்குப் பின்னால் முத்துமாரி தட்டோடு வந்து நின்றாள்.

“யாருட்டி ஒன்ன எடம் புடிக்கச் சொன்னா?”

“நீ வருவன்னுதான் புடிச்சேன்.” பொன்னி பையின் மேலிருந்த கையை எடுக்கவில்லை. “கெட்டிக்காரின்னு காட்டாட்டித்தான் என்ன? அஞ்சு வரைக்குந்தான் தெரியும்னு நான் சொன்னேன்ல? அப்பிடியே இருந்துருக்கலாம்ல?”

அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, மூக்கு ஒழுக ஒழுக.

முத்துமாரி வாசலிலேயே நின்றாள். தாழ்வாரத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய், பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, துடைத்திருந்த அந்த இடத்தில் உட்கார்ந்தாள். குட்டை பெஞ்சு. அவளுடைய முழங்கால் மேசைக்குக் கீழே நுழையாமல் இடித்தது. காலை ஒரு பக்கமாகத் திருப்பி மடக்கிக்கொண்டாள்.

“மூக்கத் தொட. இந்தா, முட்டைய நீயே தின்னு.”

சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடிக்கும் வரை அங்கேயே இருந்தாள்.